ஹிஸ்பானிக் நடுவயதினரும் முதியோரும்: உடலசைவு, மூளை நலம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவில் வாழும் 45 வயதைத் தாண்டிய ஹிஸ்பானிக் மக்களைப் (லத்தீன் அமெரிக்க, ஸ்பானிஷ் மொழிப் பூர்வீகம் உள்ளவர்கள்; லத்தீனோ என்றும் சொல்வார்கள்) பற்றிய பக்கம் இது. அவர்களுக்கு மருத்துவம் பார்ப்பவர்கள், வீட்டுப் பராமரிப்பில் இருப்பவர்கள், உடற்பயிற்சி வகுப்பு நடத்துபவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளைத் தொகுத்திருக்கிறோம்.

ஹிஸ்பானிக் என்றால் எல்லாரும் ஒரே மாதிரியா?

இல்லை. மெக்சிகோ, புவேர்ட்டோ ரிக்கோ, கியூபா, டொமினிக்கன் குடியரசு, மத்திய அமெரிக்கா, தென்னமெரிக்கா என்று பூர்வீகம் பிரிகிறது. உணவும் வேலையும் மரபணுக் கலப்பும் அதற்கேற்ப மாறுகின்றன. சர்க்கரை நோயை மட்டும் எடுத்துக்கொண்டால்கூட வித்தியாசம் பெரிது. 'ஹிஸ்பானிக் சமூக நல ஆய்வு' என்ற பெரிய ஆய்வில் தென்னமெரிக்கப் பூர்வீகத்தினரிடம் அது 10.2 சதவீதம், மெக்சிகப் பூர்வீகத்தினரிடம் 18.3 சதவீதம். 'ஹிஸ்பானிக் மக்களுக்கு இது நல்லது' என்று யாராவது ஒரே வரியில் முடித்தால், எந்த ஊரில், யாரிடம் பார்த்தது என்று கேட்பது நியாயம்தான்.

இவர்களுக்கு மறதிநோய் வரும் வாய்ப்பு அதிகம் என்கிறார்களே, ஏன்?

அமெரிக்க அல்சைமர் சங்கத்தின் கணக்குப்படி, வெள்ளையின முதியவர்களைவிட ஹிஸ்பானிக் முதியவர்களுக்கு அல்சைமரோ வேறு வகை மறதிநோயோ இருக்கும் வாய்ப்பு ஏறத்தாழ ஒன்றரை மடங்கு. பரம்பரை இதற்கு முழு விடையாகாது. அல்சைமருக்குப் பெரிய மரபணுக் காரணமாகச் சொல்லப்படும் ஏபிஓஇ-4, கரீபியப் பூர்வீக ஹிஸ்பானிக் மக்களிடம் மற்றவர்களிடம் காட்டும் அளவுக்கு வலுவாக வேலை செய்வதில்லை.

கவனிக்க வேண்டியது இரத்தக் குழாய்களை. சர்க்கரை, உயர் இரத்த அழுத்தம், தொப்பை ஆகிய மூன்றும் இருபது முப்பது வருடம் சேர்ந்து இருந்தால் மூளையின் நுண்குழாய்கள் தடித்து அடைபடும். எம்.ஆர்.ஐ. படத்தில் அது வெள்ளைத் திட்டுகளாகத் தெரியும். வடக்கு மன்ஹாட்டனில் நடந்த ஆய்வில் ஹிஸ்பானிக் முதியவர்களின் மூளையில் இந்தத் திட்டுகள் வெள்ளையினத்தவரைவிட அதிகமாகக் காணப்பட்டன. பள்ளிப்படிப்பு குறைவு, மருத்துவக் காப்பீடு இல்லாமை, பிரஷர் இருப்பதே வருடக்கணக்கில் தெரியாமல் போவது எல்லாம் இதோடு சேர்கின்றன. உடலசைவு இங்கே பேசப்படுவதற்குக் காரணமும் இதுதான்: மேலே சொன்ன மூன்றையும் ஒரே நேரத்தில் இறக்கக்கூடிய மலிவான வழி அது.

நாள் முழுக்க உடம்பு வளைந்து வேலை செய்கிறவர்களுக்குத் தனியாக உடற்பயிற்சி எதற்கு?

அதிகம் கேட்கப்படுவதும், பெரும்பாலும் தவறாகப் பதில் சொல்லப்படுவதும் இந்தக் கேள்விதான்.

முதலில் ஒரு புள்ளிவிவரத்தைச் சரியாகப் படிக்க வேண்டும். அமெரிக்க நோய்த்தடுப்பு மையம் 2017 முதல் 2020 வரை திரட்டிய தகவலில், ஹிஸ்பானிக் பெரியவர்களில் 32 சதவீதம் பேர் 'உடலசைவு இல்லாதவர்கள்'. வெள்ளையினத்தவரில் இது 23 சதவீதம். ஆனால் கேள்வி, வேலை நேரத்துக்கு வெளியே கடந்த மாதம் உடற்பயிற்சி ஏதாவது செய்தீர்களா என்பது. ஓட்டலில் எட்டு மணி நேரம் மெத்தை தூக்கி விரிப்பு மாற்றும் பெண்மணி 'இல்லை' என்று சொன்னால் அவரும் அந்த 32-இல் சேர்ந்துவிடுவார். சோம்பேறித்தனத்துக்கான சான்றாக இந்த எண்ணைக் காட்டுவது அபத்தம்.

அதற்காக அவருடைய வேலையே உடற்பயிற்சி ஆகிவிடுமா என்றால், ஆகாது. உடலுழைப்பு வேறு, உடற்பயிற்சி வேறு. வேகமாக நடக்கும்போது இதயத் துடிப்பு அரை மணி நேரம் நன்றாக ஏறி, பிறகு இறங்கி, உடம்பு ஓய்வெடுத்துக்கொள்கிறது. சுத்தப்படுத்தும் வேலையிலோ பழம் பறிப்பதிலோ கட்டட வேலையிலோ துடிப்பு பயிற்சி அளவுக்கு ஏறுவதில்லை, ஆனால் நாள் முழுக்கச் சற்றே உயர்ந்தபடி இருக்கிறது. பாரம் தூக்கும்போதெல்லாம் இரத்த அழுத்தம் திடீரென எகிறுகிறது. களைத்தால் உட்காரும் உரிமை தொழிலாளியிடம் இல்லை. ஒரே தோள், ஒரே இடுப்பு, ஒரே அசைவு. ஓய்வு நேரப் பயிற்சி இதயத்துக்குத் தரும் பலனை இந்த வகை உழைப்பு தருவதில்லை, சிலருக்குத் தீங்கே செய்கிறது என்று பல ஆய்வுகள் சொல்கின்றன. அதில் எவ்வளவு உழைப்பால், எவ்வளவு வறுமையால் என்று பிரிப்பது கடினம். மூளை விஷயத்தில் சான்று இன்னும் கலவையானது.

நடைமுறையில் இரண்டு விஷயங்கள் முக்கியம். ஒன்று, உடல் நோகும் வேலையில் இருப்பவரிடம் 'தினமும் ஒரு மணி நேரம் நடங்கள்' என்று சொன்னால் அவர் உங்களை மறுபடி பார்க்க வரமாட்டார். வேலை நாட்களில் 10 முதல் 15 நிமிட வேக நடை போதும். பஸ் நிறுத்தத்திலிருந்து வீடு வரும் தூரத்தையே அதற்குப் பயன்படுத்தலாம். விடுமுறை நாள் இரண்டிலும் 40 நிமிட நடையோ நடனமோ. வேலையில் பயன்படாத தசைகளுக்கு, குறிப்பாக மேல்முதுகுக்கும் தொடைக்கும், வாரத்தில் இரண்டு முறை கால் மணி நேரம்.

இரண்டு, ஓய்வு பெறும் மாதம். வேலை நிற்கும் அன்றைக்கே அவருடைய உடலசைவு முழுவதும் நின்றுபோகிறது. சாப்பாட்டின் அளவு மட்டும் பழையபடியே இருக்கிறது. முதுகுவலியாலோ விபத்தாலோ 60 வயதில் வேலையை விட்டவர்களிடம் இது இன்னும் மோசம். எடை, சர்க்கரை, மனச்சோர்வு மூன்றும் அந்த முதல் வருடத்திலேயே ஏறத் தொடங்கலாம். ஓய்வு பெறுவதற்கு முன்பே ஒரு வகுப்பிலோ நடைக் குழுவிலோ சேர்த்துவிடுவது நல்லது.

உடற்பயிற்சி மூளைக்குள் உண்மையில் என்ன செய்கிறது?

பல வழிகளில் வேலை செய்கிறது. இரத்தக் குழாய்கள் விரிந்து சுருங்கும் தன்மை மேம்படும், அழுத்தம் குறையும், இன்சுலினுக்கு உடல் நன்றாகப் பதில் தரும், அழற்சி தணியும், தூக்கம் ஆழமாகும். மூளைச் செல்களின் வளர்ச்சிக்கு உதவும் பிடிஎன்எஃப் என்ற புரதம் பயிற்சியின்போது கூடுகிறது.

நினைவுக்கு மையமான ஹிப்போகேம்பஸ் பகுதியைப் பற்றிப் புகழ்பெற்ற சோதனை ஒன்று 2011-இல் வெளியானது. 120 முதியவர்களில் பாதிப் பேர் ஓராண்டு, வாரம் மூன்று நாள், 40 நிமிடம் வரை நடந்தார்கள். அவர்களுடைய ஹிப்போகேம்பஸ் சுமார் 2 சதவீதம் பெருத்தது. உடலை நீட்டி மடக்கும் பயிற்சி மட்டும் செய்தவர்களுக்குச் சுமார் 1.4 சதவீதம் சுருங்கியது. பிறகு வந்த சோதனைகள் எல்லாம் இதே அளவு பலனைக் காட்டவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். 'நடந்தால் மூளை வளரும்' என்று போஸ்டர் அடிக்குமளவுக்கு இது உறுதியான செய்தி அல்ல.

ஹிஸ்பானிக் மக்களிடமே எடுத்த ஆய்வுகள் உண்டா?

உண்டு. நீண்ட காலம் இல்லாமல் இருந்தது; இப்போது சில முக்கியமானவை இருக்கின்றன.

மிகப் பெரியது முன்பு சொன்ன ஹிஸ்பானிக் சமூக நல ஆய்வு. 2008 முதல் 2011 வரை பிராங்க்ஸ், சிகாகோ, மயாமி, சான் டியேகோ ஆகிய நான்கு இடங்களில் 18 முதல் 74 வயது வரையுள்ள 16,415 பேரைச் சேர்த்தார்கள். இதன் சிறப்பு, வாய்ச்சொல்லை மட்டும் நம்பாமல் இடுப்பில் ஒரு வாரம் அசைவுமானி கட்டி அளந்தது. 'எவ்வளவு நேரம் நடப்பீர்கள்' என்று கேட்டால் எந்த நாட்டுக்காரரும் கூட்டித்தான் சொல்வார்.

அதில் 45 முதல் 74 வயதுக்குட்பட்ட 7,478 பேரின் அளவீட்டை எடுத்துப் பார்த்தபோது, அசைவின்றிக் கழித்த நேரம் சராசரியாக ஒரு நாளைக்கு 12.2 மணி. அப்படி அதிக நேரம் உட்கார்ந்திருந்தவர்கள், எண்ணுக்குரிய குறியீட்டை வேகமாக எழுதும் சோதனையில் குறைந்த மதிப்பெண் எடுத்தார்கள். கவனமும் செயல்வேகமும் பார்க்கும் சோதனை அது. இதே குழுவிலிருந்து 50 வயதைத் தாண்டிய 6,377 பேரை ஏறத்தாழ ஏழு வருடம் கழித்து மீண்டும் சோதித்து, அறிதிறன் எப்படி மாறுகிறது என்று தொடர்கிறார்கள்.

வடக்கு மன்ஹாட்டன் ஆய்வு பழையது, நெருக்கமானது. பெரும்பாலும் டொமினிக்கன் பூர்வீகத்தினர் வாழும் பகுதி. 2016-இல் வெளியான முடிவில், சராசரி வயது 71 உள்ள 876 பேரிடம் முந்தைய இரண்டு வாரத்தில் ஓய்வு நேரத்தில் என்னென்ன செய்தார்கள் என்று கேட்டிருந்தார்கள். 90 சதவீதம் பேர் எதுவும் செய்யவில்லை, அல்லது மெதுநடை போன்ற லேசான செயல் மட்டுமே. மீதி 10 சதவீதம் பேர் ஓட்டம், ஏரோபிக்ஸ் போன்ற மிதமான, கடுமையான பயிற்சிக்காரர்கள். ஆரம்பத்தில் நினைவுக் குறைபாடு இல்லாதவர்களை மட்டும் எடுத்து ஐந்து வருடம் கழித்துப் பார்த்தபோது, அறிதிறனில் இரு பிரிவினருக்கும் இடையிலான வித்தியாசம் பத்து வயது மூப்புக்குச் சமமாக இருந்தது.

லாஸ் ஏஞ்சலஸில் 27 முதியோர் மையங்களில், 60 வயதைத் தாண்டிய 572 லத்தீனோக்களோடு 'கமினேமோஸ்' என்ற நடைத் திட்டம் நடந்தது. 'வயசாயிட்டா உடம்பு ஓயத்தான் செய்யும்' என்ற எண்ணத்தை உரையாடலின் வழியே மாற்றினால் நடை கூடுமா என்று பார்ப்பதே அதன் நோக்கம். வயதுக்கும் ஓய்வுக்கும் போட்ட முடிச்சை அவிழ்ப்பது காலுக்குப் பயிற்சி கொடுப்பதற்குச் சமமான வேலை என்று நினைத்துத் தொடங்கியது அது.

அப்படியானால் உடற்பயிற்சி மறதிநோயைத் தடுக்கும் என்று நிரூபணமாகிவிட்டதா?

இன்னும் இல்லை. மேலே சொன்னவற்றில் பெரும்பாலானவை கவனித்துப் பார்க்கும் ஆய்வுகள். சிக்கல் என்னவென்றால், மறதிநோய் வெளியே தெரிவதற்குப் பல வருடம் முன்பே மனிதர் மெல்ல முடங்கத் தொடங்குகிறார். லண்டனில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட அரசு ஊழியர்களைச் சுமார் 28 வருடம் தொடர்ந்த ஆய்வில், நோய் கண்டறியப்படுவதற்கு ஒன்பது வருடம் முன்பிருந்தே உடலசைவு குறைந்து வந்திருப்பது தெரிந்தது. நடக்காததால் நோயா, நோயின் தொடக்கத்தால் நடக்கவில்லையா என்று ஐந்து வருட ஆய்வு பிரித்துச் சொல்லாது.

ஆனாலும் நாங்கள் தயங்காமல் பரிந்துரைக்கிறோம். சர்க்கரையும் இரத்த அழுத்தமும் குறையும் என்பதில் சந்தேகமே இல்லை. அவை குறைந்தால் மூளைக்கு நல்லது என்பதற்கும் வலுவான சான்று இருக்கிறது. பயிற்சியின் நேரடிப் பலன் கூடுதலாகக் கிடைத்தால் லாபம்.

வாரத்துக்கு எவ்வளவு வேண்டும்?

அமெரிக்க அரசின் 2018 வழிகாட்டுதல்: மிதமான வேகத்தில் வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம், அல்லது கடும் வேகத்தில் 75 முதல் 150 நிமிடம், வாரம் இரண்டு நாளாவது தசைப் பயிற்சி, 65 வயதைத் தாண்டியவர்களுக்குச் சமநிலைப் பயிற்சியும். ஒரே மூச்சில் பத்து நிமிடமாவது செய்ய வேண்டும் என்ற பழைய விதியை அந்தப் பதிப்பில் எடுத்துவிட்டார்கள். மூன்று நிமிடம் மாடிப்படி ஏறினாலும் கணக்கில் சேரும்.

ஒன்றுமே செய்யாதவர் முதல் வாரம் தினமும் 10 நிமிடத்தில் தொடங்கட்டும். ஒவ்வொரு வாரமும் 5 நிமிடம் கூட்டினால் ஐந்தாவது வாரத்தில் 30 நிமிடம் வந்துவிடும். வேகத்தையும் நேரத்தையும் ஒரே வாரத்தில் கூட்டக் கூடாது. குதிகால் வலியும் முழங்கால் வீக்கமும் வருவது பெரும்பாலும் அப்போதுதான்.

மிதமான வேகம் என்று எப்படித் தெரிந்துகொள்வது?

பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. நான்கைந்து வார்த்தைக்கு ஒருமுறை மூச்சு வாங்கினால் அது கடும் வேகம். எண்ணிக்கை வேண்டுமென்றால் நிமிடத்துக்கு 100 அடி. 15 விநாடியில் 25 அடி வைக்கிறாரா என்று எண்ணிப் பார்த்தால் போதும்.

கைக்கடிகாரம் காட்டும் இதயத் துடிப்பை வைத்து முடிவெடுப்பதில் ஒரு ஆபத்து உண்டு. மெட்டோபுரோலால், அட்டெனோலால், கார்வெடிலால் போன்ற மாத்திரை சாப்பிடுபவர்களுக்குத் துடிப்பு வழக்கமான அளவுக்கு ஏறாது. எண்ணைப் பார்த்து 'இன்னும் வேகம் வேண்டும்' என்று தள்ளினால் களைத்து விழுவார்கள். அவர்களுக்குப் பேச்சுச் சோதனைதான்.

பத்தாயிரம் அடி கட்டாயமா?

கட்டாயமில்லை. பிரிட்டனில் 78,430 பேரிடம் எடுத்த ஆய்வில், மறதிநோய் அபாயம் பாதியாகக் காணப்பட்டது சுமார் 9,800 அடியில். ஆனால் சுமார் 3,800 அடியிலேயே கால்வாசி குறைந்திருந்தது. அதில் பங்கேற்றவர்கள் பெரும்பாலும் வெள்ளையினத்தவர் என்பதால் எண்ணை அப்படியே இங்கே ஒட்டக் கூடாது. முதல் சில ஆயிரம் அடிகளில்தான் பெரும் பலன் என்ற போக்கை எடுத்துக்கொள்ளலாம்.

நடனத்தை ஏன் இவ்வளவு பரிந்துரைக்கிறார்கள்?

வருகைப் பதிவேடு ஒரு காரணம். டிரெட்மில்லில் ஏறச் சொன்னால் வராதவர்கள் இசை போட்டால் வருகிறார்கள். இன்னொரு காரணம், அடவை நினைவில் வைப்பது, தாளத்தைப் பிடிப்பது, துணையின் அசைவைக் கவனிப்பது என்று மூளைக்கும் ஒரே நேரத்தில் வேலை.

சிகாகோவிலுள்ள இல்லினாய் பல்கலைக்கழகத்தில் டேவிட் மார்க்கெஸ் குழு உருவாக்கிய 'பைலாமோஸ்' திட்டம் இதில் முன்னோடி. நடுவயது, முதிய லத்தீனோக்கள் 333 பேரோடு சோதனை நடத்தினார்கள். நான்கு மாதம், வாரம் இரண்டு வகுப்பு. மெரெங்கே, சா சா சா, பச்சாட்டா, சல்சா என்று நான்கு நடனங்கள்.

முதல் நாளே சல்சா எடுத்தால் பாதிப் பேர் அடுத்த வகுப்புக்கு வரமாட்டார்கள். மெரெங்கேயில் ஒவ்வொரு தாளத்துக்கும் ஒரு அடி. இடது, வலது என்று நின்ற இடத்திலேயே நடப்பதுதான் அடிப்படை. முழங்கால் மடங்கும், இடுப்பு தானாக அசையும். பச்சாட்டாவில் பக்கவாட்டில் மூன்று அடி, நான்காவதில் காலைத் தொட்டு எடுப்பது. அந்தத் தொட்டெடுப்பில் ஒரு காலில் நிற்கும் கணம் வருகிறது. சமநிலைப் பயிற்சி அதற்குள்ளேயே ஒளிந்திருக்கிறது. சா சா சாவில் ஒரு தாளத்துக்குள் இரண்டு அடி நுழைகிறது, வேகமாகத் திசை மாற்ற வேண்டும். சல்சாவில் எட்டு எண்ணிக்கையில் நான்கும் எட்டும் காலி. அந்த இடைவெளியில் காலை வைக்காமல் அடக்குவதுதான் கடினம். பழகிய அசைவை நிறுத்தும் அந்தத் திறன் வயதாக ஆக மங்கும் மூளைத் திறன்களில் ஒன்று.

ஒரு மணி நேரத்தை இப்படிப் பிரிக்கலாம்: 10 நிமிடம் உடலைச் சூடாக்க மெதுவான மெரெங்கே, 15 நிமிடம் புது அடவு, இசை இல்லாமல் எண்ணிக்கையோடு, 25 நிமிடம் இசையோடு தொடர்ந்து ஆடல், 10 நிமிடம் உடலை மெல்ல ஆற்றுவதும் நீட்டுவதும். விளக்கம் சொல்லும் நேரம் அரை மணியைத் தாண்டினால் அது பயிற்சி ஆகாது. பல வகுப்புகள் தோற்பது இங்கேதான்: ஆசிரியர் நல்ல ஆட்டக்காரராக இருப்பார், எல்லாரும் நின்று அவரைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

காலணி விஷயம் சின்னதாகத் தோன்றும். ரப்பர் அடிப்பாகம் உள்ள ஓட்டக் காலணி தரையைக் கவ்விப் பிடிக்கும். சுழலும்போது பாதம் நிற்க முழங்கால் மட்டும் திரும்பும். வழவழப்பான அடிப்பாகம் உள்ள, குதிகால் பிடிப்பான தட்டைக் காலணிதான் சரி. வெறும் சாக்ஸோடு ஆட விடக் கூடாது. ஓடு பதித்த தரையில் தண்ணீர் சிந்தினால் உடனே துடைக்க ஒருவர் வேண்டும். மூட்டு மாற்று அறுவை செய்தவர்களுக்குச் சுழற்சியை நான்கு சிறு அடிகளாக உடைத்துக் கொடுக்க வேண்டும்.

துணை கிடைக்காது என்பது இன்னொரு நிலவரம். பெண்கள் அதிகம், ஆண்கள் குறைவு. எல்லாருக்கும் இரண்டு பக்க அடவையும் சொல்லிக்கொடுத்து, ஒவ்வொரு பாட்டுக்கும் துணையை மாற்றினால் சிக்கல் தீரும்; மூளைக்கும் வேலை கூடும்.

தசைப் பயிற்சியும் சமநிலையும் எங்கிருந்து தொடங்குவது?

நாற்காலியிலிருந்து. 43 செ.மீ. உயரமுள்ள, கையில்லாத, சுவரில் சாய்த்த நாற்காலி. கைகளை மார்பில் குறுக்காகக் கட்டி, 30 விநாடியில் எத்தனை முறை முழுதாக எழுந்து உட்கார முடிகிறது என்று எண்ணுங்கள். அமெரிக்க நோய்த்தடுப்பு மையத்தின் அளவுகோல்படி, 60–64 வயதில் ஆண் 14-க்கும் பெண் 12-க்கும் கீழே, 70–74 வயதில் ஆண் 12-க்கும் பெண் 10-க்கும் கீழே என்றால் விழும் அபாயம் உண்டு. கையை ஊன்றித்தான் எழ முடிந்தால் மதிப்பெண் பூஜ்யம்.

பயிற்சியும் அதுவேதான். எட்டு முதல் 12 முறை, ஒரு நிமிட ஓய்வு, மீண்டும் ஒருமுறை. மெதுவாக உட்காருவதில்தான் பலன் அதிகம். தொப்பென்று விழுந்தால் முதுகு நோகும். இதோடு சுவரில் கை வைத்துத் தள்ளுவது, கதவுப் பிடியில் எலாஸ்டிக் பட்டையை மாட்டி இழுப்பது, குதிகால் உயர்த்துவது. சமநிலைக்கு, ஒரு பாதத்தின் குதிகாலுக்கும் மறு பாதத்தின் விரலுக்கும் இடைவெளி இல்லாமல் நேர்கோட்டில் நின்று பாருங்கள். 10 விநாடி நிற்க முடியாவிட்டால் சமையலறை மேடையைப் பிடித்தபடி அதையே தினமும் பழகலாம்.

மூச்சை அடக்கிக்கொண்டு தூக்கக் கூடாது, இரத்த அழுத்தம் எகிறும். சர்க்கரையால் கண்ணின் விழித்திரை மோசமாகப் பாதிக்கப்பட்டவர்கள் கண் மருத்துவரைக் கேட்காமல் பளு தூக்கவே கூடாது.

சர்க்கரை, பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் என்ன கவனிக்க வேண்டும்?

மெட்ஃபார்மின் மட்டும் என்றால் சர்க்கரை தாழ்ந்துவிடும் பயம் மிகக் குறைவு. இன்சுலினோ, கிளிபிசைட், கிளைபியூரைடு வகை மாத்திரையோ இருந்தால் கதை வேறு. பயிற்சிக்கு முன் அளந்து பார்த்து 90-க்குக் கீழே இருந்தால் 15 முதல் 30 கிராம் மாவுச்சத்து வேண்டும். அரை கப் பழச்சாற்றில் 15 கிராம் வந்துவிடும். மாலையில் அதிகம் ஆடினால் நடு இரவில் சர்க்கரை தாழலாம். அன்று படுக்கும் முன் ஒருமுறை அளப்பது நல்லது. 250-ஐத் தாண்டி, கீட்டோனும் தெரிந்தால் அன்று பயிற்சி வேண்டாம், மருத்துவரை அழைக்க வேண்டும்.

பாதம் மரத்துப்போனவர்கள் பயிற்சி முடிந்ததும் காலுறையைக் கழற்றி அடிப்பாதத்தைக் கண்ணாடியில் பார்க்க வேண்டும். கொப்புளம் வலிக்காது என்பதுதான் அங்கே ஆபத்து.

இரத்த அழுத்தம் 180/110-ஐத் தாண்டினால் முதலில் மருத்துவரைப் பாருங்கள், பயிற்சி பிறகு. சிறுநீர் பெருக்கும் மாத்திரை, புரோஸ்டேட் மாத்திரை சாப்பிடுபவர்கள் தரையில் படுத்துச் செய்யும் பயிற்சியிலிருந்து சட்டென எழுந்தால் தலைசுற்றும். நெஞ்சில் அழுத்தம், தாடைக்கோ கைக்கோ பரவும் வலி, ஒரு பக்கம் மரத்தல், பேச்சுக் குழறல் வந்தால் உடனே 911.

வெயில் கொளுத்துகிறது, தெருவும் பாதுகாப்பில்லை. என்ன செய்வது?

வெறும் சாக்கு என்று ஒதுக்கிவிடக் கூடாத, உண்மையான தடைகள் இவை. 2023 கோடையில் ஃபீனிக்ஸ் நகரில் தொடர்ந்து 31 நாள் 43 டிகிரி செல்சியஸைத் தாண்டியது. அங்கே விடியற்காலையிலும் தார்ச்சாலை சூடாகவே இருக்கும். குளிரூட்டிய வணிக வளாகத்தில் கடை திறக்கும் முன் நடப்பது, தேவாலயக் கூடம், நூலகம், வீட்டுக்குள்ளேயே இசைக்கு நடப்பது என்று மாற வேண்டும். தெரு வெளிச்சம் குறைவாக, நாய்த்தொல்லை உள்ள பகுதியில் மூன்று பேராவது சேர்ந்து போவது நல்லது.

நன்றாகத் தொடங்குகிறார்கள், மூன்றாவது மாதம் நிறுத்திவிடுகிறார்கள். ஏன்?

பெரும்பாலும் மனவுறுதி குறைந்து அல்ல. பேரக்குழந்தையைப் பள்ளியிலிருந்து அழைத்து வரும் நேரத்தில் வகுப்பு வைத்திருப்பார்கள். வேலை நேரம் மாறும். கார் மகனிடம் போய்விடும். குடும்பத்துக்குச் சமைத்து முடித்துத்தான் தனக்கென்று நேரம் என்று பல பெண்கள் நினைப்பார்கள். 'உங்களுக்காகச் செய்யுங்கள்' என்ற பேச்சு அவர்களிடம் எடுபடாது. 'பேரனைத் தூக்க முழங்கால் வேண்டுமே' என்றால் எடுபடும்.

சான் டியேகோ வட்டாரத்தில் 16 கத்தோலிக்கத் தேவாலயங்களில் 436 லத்தீனாக்களோடு (லத்தீனோ பெண்கள்) நடந்த 'ஃபே என் அக்சியோன்' திட்டம் இதைப் புரிந்துகொண்டு வடிவமைக்கப்பட்டது. வகுப்பை நடத்தியவர்கள் வெளியிலிருந்து வந்த பயிற்சியாளர்கள் அல்ல. அதே சபையைச் சேர்ந்த, பயிற்சி பெற்ற பெண்கள். 'ப்ரொமோட்டோரா' என்று அழைக்கப்படும் இவர்கள் வராதவர் வீட்டுக்குப் போன் செய்து விசாரிப்பார்கள். அந்த ஒரு அழைப்பு எந்தச் செல்போன் செயலியையும்விட நன்றாக வேலை செய்யும் என்பது எங்கள் கருத்து.

ஏற்கெனவே மறதிநோய் வந்தவருக்குப் பயிற்சி பலன் தருமா?

நினைவாற்றல் திரும்பும் என்று எதிர்பார்க்க வேண்டாம். பிரிட்டனில் மறதிநோய் உள்ள 494 பேரிடம் நடந்த சோதனையில் கடுமையான பயிற்சி உடல்தகுதியைக் கூட்டியது, ஆனால் அறிதிறன் சரிவைத் தடுக்கவில்லை. விழாமல் நடப்பது, பகலில் விழித்திருந்து இரவில் தூங்குவது, பராமரிப்பவருக்குச் சற்று மூச்சு விட நேரம் கிடைப்பது ஆகியவைதான் இங்கே பலன். பழக்கமான பாட்டு, பழக்கமான பாதை, துணைக்கு ஒருவர். புது அடவு திணிக்க வேண்டாம்.

உடற்பயிற்சி மட்டும் போதுமா?

போதாது. மறதிநோய்க்கு வழிவகுப்பவை என்று 2024-இல் லான்செட் மருத்துவ இதழின் ஆணையம் பட்டியலிட்ட 14 காரணிகளில் உடலசைவின்மையின் பங்கு 2 சதவீதம்தான். காது கேளாமைக்கும் கெட்ட கொழுப்புக்கும் தலா 7 சதவீதம். இதயநோய் அபாயமுள்ள 9,361 பேரிடம் நடந்த 'ஸ்பிரின்ட்' சோதனையில் மேல் இரத்த அழுத்தத்தை 120-க்குக் கீழே வைத்தவர்களுக்கு லேசான அறிதிறன் குறைபாடு 19 சதவீதம் குறைந்தது. மாத்திரையை நிறுத்திவிட்டு நடனத்துக்கு வருபவர் நஷ்டப்படுகிறார். 2025-இல் முடிவு வந்த 'பாயின்டர்' சோதனையில், 60 முதல் 79 வயது வரையுள்ள 2,111 பேருக்குப் பயிற்சி, உணவு, மூளைக்கு வேலை, இரத்த அழுத்தக் கண்காணிப்பு எல்லாவற்றையும் சேர்த்தே கொடுத்தார்கள். அட்டவணை போட்டு ஒழுங்குபடுத்திய குழுவும் தாங்களே திட்டமிட்ட குழுவும் அறிதிறனில் முன்னேறின. ஒழுங்குபடுத்திய குழு சற்று அதிகம்.

நினைவுச் சோதனைக்குப் போகும்போது மொழி பிரச்சினை ஆகுமா?

ஆகும், நிறையவே. ஹிஸ்பானிக் சமூக நல ஆய்வில் 15 சொற்கள் கொண்ட பட்டியலை மூன்று முறை படித்துக் காட்டி, இடையில் வேறொரு பட்டியலைப் படித்துவிட்டு, முதல் பட்டியலை நினைவுகூரச் சொன்னார்கள். ஸ்பானிஷில் வேண்டுமா ஆங்கிலத்தில் வேண்டுமா என்பதைப் பங்கேற்பவரே தேர்ந்தெடுத்தார். மருத்துவமனையிலும் அதைக் கேட்டு வாங்க வேண்டும். பேத்தியை மொழிபெயர்க்கச் சொல்லக் கூடாது. பாட்டி தடுமாறினால் பாசத்தில் ஒரு சொல்லை எடுத்துக்கொடுத்துவிடுவாள், மதிப்பெண் பொய்யாக ஏறும். பயிற்சி பெற்ற மொழிபெயர்ப்பாளர் வேண்டும்.

எத்தனை வகுப்பு வரை படித்தார் என்பதையும் முதலிலேயே சொல்லுங்கள். ஆறாம் வகுப்போடு நிறுத்தியவரைக் கல்லூரி படித்தவரின் அளவுகோலில் நிறுத்தினால் இல்லாத நோய் இருப்பதாகத் தெரியும். மெடிகேர் (முதியோருக்கான அமெரிக்க அரசு மருத்துவக் காப்பீடு) வைத்திருப்பவர்களுக்கு ஆண்டுக்கொரு நலப் பரிசோதனையிலேயே அறிதிறன் குறைபாடு இருக்கிறதா என்று பார்ப்பதும் அடங்கும். போகும்போது வீட்டிலுள்ள எல்லா மருந்துப் பாட்டில்களையும், கடையில் வாங்கிய தூக்க மாத்திரை, அலர்ஜி மாத்திரை உட்பட, ஒரே பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள். டைஃபென்ஹைட்ரமின் கலந்த மாத்திரைகள் தாமே மறதியை உண்டாக்கும்.